ஓய்வறியாத சூரை மீன்



நெல்லுக்கு மேலுரம், கரும்புக்குச் சோகை உரிப்பு என்று பேசுகிற இடத்தில் இன்றைக்கு மீனைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். வயலில் விளைவதும் விளைச்சல்தான், கடலில் விளைவதும் விளைச்சல்தான். வயலுக்கு வரப்பு உண்டு, கடலுக்கு வரப்பு இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தால் எத்தனை வம்பு வந்து சேருகிறது என்பதற்குச் சூரை மீனின் கதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இந்த மீனின் சுபாவத்தையும், மனிதன் இதைப் பிடித்து வந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான், நம் கடற்கரையில் இன்று எடுக்கப்படும் முடிவுகள் சரியா, தவறா என்று சொல்ல முடியும்.

எந்தக் குடும்பம்?

டியூனா என்று டப்பாவில் அடைத்து உலகமெல்லாம் விற்கிற மீன், நம்ம ஊர்ச் சூரைதான். கானாங்கெளுத்தியும் வஞ்சிரமும் சேர்ந்த அதே குடும்பம். சூரை இனத்தில் மொத்தம் 15 வகைகளை விஞ்ஞானிகள் பிரித்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கடலில் கரையோரமாகக் கிடைப்பது சாதாரணச் சூரையும் எலிச்சூரையும். ஆழ்கடலில் கிடைப்பது வரிச்சூரையும், கேரை என்று சொல்லப்படும் மஞ்சள் துடுப்புச் சூரையும். வரிச்சூரையின் வயிற்றுப் பக்கத்தில் நான்கைந்து கறுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். அதுதான் அடையாளம். பெரும்பாலும் இரண்டு மூன்று அடிக்குள்ளேதான் இருக்கும். மஞ்சள் துடுப்புச் சூரையோ ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். 200 கிலோ வரைக்கும் எடை வரும். அட்லாண்டிக் கடலில் உள்ள நீலத்துடுப்புச் சூரை இவை எல்லாவற்றுக்கும் அண்ணன். 1979ஆம் ஆண்டு கனடாவின் நோவாஸ்கோஷியா கடற்கரையில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மீன் 679 கிலோ இருந்தது. நல்ல உழவு மாட்டின் எடையை ஒரு மீன் மிஞ்சி நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நின்றால் சாவு

மற்ற மீன்கள் ஒரே இடத்தில் நின்றபடி வாயையும் செவுள் மூடியையும் அசைத்து, தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சு விடும். குளத்துக் கெண்டை அப்படித்தான் செய்கிறது. சூரையால் அது முடியாது. வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு முன்னால் பாய வேண்டும். அந்த வேகத்தில் தண்ணீர் தானாகவே செவுள் வழியாக ஓடும். அதிலிருந்துதான் பிராணவாயு கிடைக்கும். நீந்துவதை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும். அது மட்டுமல்ல, வரிச்சூரைக்கு மீன்களுக்கு வழக்கமாக இருக்கும் காற்றுப்பை கிடையாது. நீந்தாவிட்டால் கல் மாதிரி கீழே போய்விடும். ஆக, முட்டையிலிருந்து வெளிவந்து வளர்ந்த பிறகு சாகும் வரை இந்த மீனுக்கு ஒரு நிமிஷ ஓய்வு இல்லை. இரவிலும் நீந்திக்கொண்டேதான் இருக்கும்.

அதற்கு ஏற்ற மாதிரி உடம்பும் அமைந்திருக்கிறது. இரு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்த நூல் கதிர் போன்ற வடிவம். வேகமாகப் பாயும்போது முதுகுத் துடுப்பை மடக்கி, அதற்கென்றே இருக்கிற பள்ளத்துக்குள் வைத்துக்கொள்ளும். வால் பிறை நிலா மாதிரி வளைந்து விறைப்பாக இருக்கும். வாலுக்கு முன்னால் மேலும் கீழும் வரிசையாகச் சின்னச் சின்ன துடுப்புகள் இருக்கும். மீன் வெட்டும் தாய்மார்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

மீனுக்கும் சூடான ரத்தமா?

மீன் என்றால் குளிர்ந்த ரத்தப் பிராணி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தண்ணீர் எத்தனை டிகிரியோ அத்தனைதான் மீனின் உடம்பும். ஆனால் சூரை இதற்கு விதிவிலக்கு. இதை அளந்து சொன்னவர் ஜான் டேவி என்ற ஆங்கில மருத்துவர். இவர் 1816 முதல் 1820 வரை இலங்கையில் படை மருத்துவராக இருந்தவர். வெப்பமண்டலக் கடலில் பிடித்த சூரையின் உடம்பில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தார். கடல்நீரைவிட ஏறக்குறைய 10 டிகிரி சென்டிகிரேடு கூடுதலாக இருந்தது! இதை 1835ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார்.

இது எப்படிச் சாத்தியம் என்ற விளக்கம் முழுமையாகத் தெளிவாவதற்கு இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்க விஞ்ஞானிகள் கேரியும் டீலும் 1966ஆம் ஆண்டு இதைச் செய்முறையாகவே காட்டினார்கள். விஷயம் இதுதான். நீந்திக்கொண்டே இருப்பதால் சூரையின் தசையில் சூடு உண்டாகிறது. மற்ற மீன்களில் அந்தச் சூடு ரத்தத்தோடு செவுளுக்குப் போய்க் கடலில் கலந்து வீணாகிவிடும். சூரைக்கோ தசைக்குள் போகும் ரத்தக்குழாய்களும் தசையிலிருந்து வெளியே வரும் குழாய்களும் தலைமயிர் போல மெல்லியதாகப் பிரிந்து, அருகருகே, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒரே வரப்பின் இருபுறமும் இரண்டு வாய்க்கால் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெந்நீர் வெளியே போகிறது, மற்றதில் குளிர்நீர் உள்ளே வருகிறது. நடுவிலே வரப்பு மெல்லிசாக இருந்தால் சூடு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவி, உள்ளேயே திரும்பி வந்துவிடும் இல்லீங்களா? அதே ஏற்பாடுதான் இங்கேயும்.

சூடான தசைக்கு வேகம் அதிகம். எனவே ஆயிரம் மீட்டருக்கும் கீழே, குளிர்ந்த இருட்டுக் கடலுக்குள் கேரை மீன் பாய்ந்து இரை தேடி மேலே வருகிறது. தசையில் பிராணவாயுவைத் தேக்கி வைக்கும் சிவப்புப் பொருள் மிகுதியாக இருப்பதால்தான் இதன் கறி ஆட்டுக்கறி மாதிரி சிவந்திருக்கிறது. சந்தையில் சிலர் இந்தச் சிவப்பைப் பார்த்து, கெட்டுப்போன மீன் என்று நினைத்து விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். அது மீனின் இயல்பான நிறம். ஓடி உழைக்கும் உடம்பின் நிறம்.

பிறப்பும் வளர்ப்பும்

வரிச்சூரை வெப்பக்கடலில் ஆண்டு முழுவதும் முட்டையிடும். ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அது கடலில் மிதந்து, ஒரு நாள் போல ஆனதும் பொரிந்துவிடும். லட்சக்கணக்கில் முட்டை இட்டாலும் குஞ்சுகளில் மிகப்பெரும்பாலானவை மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். பெரிய சூரைகளே சின்னச் சூரையைத் தின்னும். தப்பிப் பிழைப்பது ஒன்றரை அடி அளவு வந்ததும், அதாவது ஒன்று ஒன்றரை வயதில், தானே முட்டையிடத் தயாராகிவிடும். குறுவை நெல் மாதிரி, சீக்கிரம் விளைந்து சீக்கிரம் பலன் தருகிற ரகம் என்று சொல்லலாம்.

நீலத்துடுப்புச் சூரை தென்னை மாதிரி. காய்க்கப் பல ஆண்டு ஆகும், முப்பது ஆண்டுக்கு மேலும் வாழும். நம் இந்துமாக்கடலின் தென்கோடியிலும் இதில் ஒரு வகை உண்டு. அது தெற்குக் கடல் முழுக்கச் சுற்றினாலும், முட்டையிட வருவது ஒரே ஒரு இடத்துக்குத்தான். ஜாவாத் தீவுக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவின் வடமேற்கே உள்ள கடற்பகுதி அது. அந்த ஒரு நாற்றங்காலை அழித்தால் அந்த இனமே போய்விடும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். பின்னால் வரும் வரலாறு முழுவதும் இதை வைத்தே புரியும்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே

மேற்கே மத்தியதரைக் கடலில் இந்த மீனைப் பிடிக்கும் தொழில் மிகப் பழையது. முட்டையிடுவதற்காக அட்லாண்டிக்கிலிருந்து ஜிப்ரால்டர் வழியே ஆண்டுதோறும் கூட்டமாக வரும் நீலத்துடுப்புச் சூரையை, கரையோரம் வலைகளால் அறை அறையாகக் கட்டி மடக்குவார்கள். ஸ்பெயின் நாட்டுக் காடிஸ் நகரத்தின் பழைய நாணயங்களில் சூரை மீனின் உருவமே பொறிக்கப்பட்டிருக்கிறது. நாட்டுக்கே அது சோறு போட்டதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இந்த மீன் கருங்கடலுக்குள் போகும்போது வலப்பக்கக் கரையை ஒட்டியே போகிறது, அதற்கு வலக்கண் பார்வை கூடுதல் என்று எழுதி வைத்தார். கண் பற்றிய விளக்கத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் மீன் போகும் பாதையை மனிதன் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறான் பாருங்கள்!

மாசி வந்த கதை

இனி நம்ம கடலுக்கு வருவோம். மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா 1343ஆம் ஆண்டின் இறுதியில் மாலத்தீவுக்கு வந்தார். அங்கே காஜியாகவும் வேலை பார்த்தார். பிறகு 1344இல் இலங்கை போய், அங்கிருந்து மதுரை சுல்தான் ஆண்ட நம் சோழமண்டலக் கரைக்கும் வந்தவர். மாலத்தீவு மக்கள் உண்ணும் ஒரு மீனைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். கறி சிவப்பு. ஒவ்வொரு மீனையும் நான்கு துண்டாக வெட்டி, இலேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிடுகிறார்கள். நன்கு காய்ந்ததும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதி ஆகிறது. இதுதான் அவர் தரும் செய்தி. மீனுக்கு அவர் கொடுக்கும் பெயர், மாலத்தீவு மக்கள் இன்றைக்கும் வரிச்சூரைக்கு வழங்குகிற 'கலுபிலி மாஸ்' என்ற பெயரேதான். அவர்கள் பாஷையில் 'மாஸ்' என்றால் மீன். அந்த மாஸ்தான் நம்ம ஊரில் மாசி ஆனது. மாசி மாதத்துக்கும் மாசிக் கருவாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு, 1602ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார் கப்பல் உடைந்து மாலத்தீவில் ஒதுங்கி, ஐந்து ஆண்டுகள் அங்கேயே அடைபட்டுக் கிடந்தார். அவரும் இதே மீன், இதே வியாபாரம் நடந்ததைத்தான் எழுதி வைத்தார். காலங்காலமாக அந்தக் கருவாடு கொழும்புக்குப் போய், இலங்கையில் சம்பலுக்கும் குழம்புக்கும் ருசி கொடுத்தது. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை இறக்குமதியைக் குறைத்தபோதுதான் மாலத்தீவுக்குப் பெரிய சங்கடம் வந்தது. அதன் பிறகு அவர்கள் பச்சை மீனாகவே வெளிநாட்டு குளிர்பதனக் கப்பல்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். 1974 முதல் தோணிகளுக்கு எஞ்சின் பொருத்தினார்கள்.

மினிக்காய்த் தூண்டில்

நம் நாட்டுக்குள்ளேயே இந்தத் தொழில் வழிவழியாக நடக்கும் இடம், லட்சத்தீவுகளின் தென்கோடியில் உள்ள மினிக்காய்த் தீவு. அங்குள்ளவர்கள் பேசுவது மாலத்தீவு மொழியின் ஒரு கிளை. மீன் பிடிப்பதும் அதே முறைதான். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைக் காயலில் விரல் நீளச் சிறுமீனை உயிரோடு பிடித்து, படகின் அடியில் கடல்நீர் வந்து போகும்படி உள்ள அறையில் விடுவார்கள். பிறகு வெளிக்கடலுக்குப் போய்ப் பறவைக் கூட்டத்தைத் தேடுவார்கள். பறவை வட்டமிடுகிற இடத்தில் அடியில் சூரைக் கூட்டம் இருக்கும். அங்கே உயிருள்ள சிறுமீனை அள்ளி வீசுவார்கள். கூடவே தண்ணீரையும் வாரி இறைப்பார்கள். கடல் மேற்பரப்பு கொதிப்பது போலாகும். சூரைக்கு இரை எது, தூண்டில் எது என்று பிரித்தறியாத வெறி வந்துவிடும். அந்த நேரம் படகின் பின்பக்கம் வரிசையாக நிற்பவர்கள், இரை மாட்டாத வெறும் தூண்டிலை நீளக் கழியில் கட்டித் தண்ணீரில் இடுவார்கள். மீன் கவ்வியதும் ஒரே சுண்டு! மீன் தலைக்கு மேலாகப் பறந்து படகுக்குள் விழும். தூண்டிலில் எதிர்முள் இல்லாததால் மீன் தானாகவே கழன்றுகொள்ளும். கழி மறுபடியும் கடலுக்குப் போய்விடும்.

இதில் பெரிய நன்மை என்ன? ஒருவருக்கு ஒரு கழி, ஒரு கழிக்கு ஒரு மீன். ஆமை சாகாது, ஓங்கில் சாகாது, வேண்டாத மீன் வீணாகாது. காயலில் சிறுமீன் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுதான் தொழில். இயற்கையே ஒரு வரம்பு கட்டி வைத்திருக்கிறது.

பிடித்த மீனைத் தலை, குடல் நீக்கி, நான்கு நீளத் துண்டாக்கி, உப்புநீரில் வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்தால் கட்டை போல் இறுகிய மாசி கிடைக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை மீனுக்கு ஒரு கிலோ மாசி. வேகவைத்த சாற்றைக்கூடக் கொட்டுவதில்லை. சுண்டக் காய்ச்சிக் குழம்பாக்கி வைத்துக்கொள்வார்கள். பனிக்கட்டி இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் கெடாத உணவு செய்த விஞ்ஞானம் இது.

இந்தத் தொழிலை ஆராய்ந்து 1958ஆம் ஆண்டு எழுதியவர் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் எஸ். ஜோன்ஸ். அப்போது அந்த நிலையத்தின் தலைமையகம் நம் ராமநாதபுரம் சீமையில், மண்டபம் முகாமில் இருந்தது. 1962ஆம் ஆண்டு ஜனவரியில் சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் ஆகிய மீன்களைப் பற்றி ஒரு பெரிய கருத்தரங்கும் அதே மண்டபத்தில்தான் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் லட்சத்தீவுக்கு எஞ்சின் படகுகள் வந்தன. 1969இல் மினிக்காயில் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையும் வந்தது. மற்ற தீவுக்காரர்களும் மினிக்காய்க்காரர்களிடம் கழித் தூண்டிலைக் கற்றுக்கொண்டார்கள்.

டப்பாவும் விமானமும்

உலகின் மறுபக்கத்தில் கதை வேறுவிதமாகப் போயிற்று. 1903ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பெட்ரோ என்ற துறைமுகத்தில், டப்பாவில் அடைக்கச் சாளை மீன் போதவில்லை. ஒரு தொழிற்சாலையில் ஒரு வகைச் சூரையை ஆவியில் வேகவைத்து அடைத்துப் பார்த்தார்கள். கறி வெளுத்துக் கோழி மாதிரி ருசித்தது. வியாபாரம் பிடித்துக்கொண்டது. அவர்களும் முதலில் கழித் தூண்டிலில்தான் பிடித்தார்கள். 1950களின் இறுதியில் நைலான் வலையும், அதை இழுக்கும் விசைக்கப்பியும் வந்ததும், கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்குப்பை போல இழுத்து மூடும் சுருக்குவலைக்கு மாறினார்கள். அந்த வலையில் சூரையோடு சேர்ந்து திரியும் ஓங்கில்களும் லட்சக்கணக்கில் மாண்டன. மக்கள் கொதித்தெழுந்த பிறகே, 1972இல் சட்டம் வந்தது.

அதே 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 அன்று, கனடாவில் பிடித்த நீலத்துடுப்புச் சூரை முதன்முறையாக விமானத்தில் வந்து டோக்கியோ சந்தையில் ஏலம் போயிற்று. ஜப்பானிலிருந்து சாமான் ஏற்றிப்போன விமானங்கள் வெறுமையாகத் திரும்புகின்றனவே என்று யோசித்த விமானக் கம்பெனியின் ஏற்பாடு அது. அதுவரை கனடாவில் பொழுதுபோக்குக்காகப் பிடித்துக் குழி தோண்டிப் புதைத்ததும் உண்டு. அந்த மீனுக்குத் தங்க விலை வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு ஜனவரி ஏலத்தில் 278 கிலோ மீன் ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது.

விலை ஏறினால் என்ன நடக்கும்? தென்னை மாதிரி மெல்ல வளரும் இனத்தைக் கீரை பிடுங்குவது போலப் பிடுங்கினார்கள். மத்தியதரைக் கடலில் கையிருப்பு சரிந்தது. விஞ்ஞானிகள் ஆண்டுக்கு 15,000 டன்னுக்கு மேல் பிடிக்க வேண்டாம் என்று சொல்லியும், 2007ஆம் ஆண்டுக்கு 29,500 டன் அனுமதித்தார்கள். உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பிய பின் 2010இல் அளவு 13,500 டன்னாகக் குறைக்கப்பட்டது. கண்காணிப்பும் இறுகியது. அதன் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2011இல் அழியும் நிலையில் என்று பட்டியலிடப்பட்ட அந்த மீன், 2021இல் அந்த அபாயப் பட்டியலிலிருந்து இறங்கியது. ஆனால் மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடும் கிளை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டால் கடல் மன்னிக்கும் என்பதுதான் இதில் கிடைக்கும் நல்ல செய்தி.

"பிடிக்க வேண்டாம், குளத்து மீன் மாதிரி வளர்க்கலாமே?" என்று விவசாயிகள் கேட்பீர்கள். ஜப்பானின் கிங்கி பல்கலைக்கழகத்தார் 1970இல் முயற்சி தொடங்கினார்கள். முட்டையிலிருந்து வளர்ந்த மீனே மறுபடி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் முழுச் சுற்று 2002இல்தான் கைகூடியது. 32 ஆண்டுகள்! ஓடிக்கொண்டே இருக்கும் உடம்பு என்பதால் தீனியும் அதிகம். ஒரு கிலோ எடை கூடப் பத்துக் கிலோவுக்கு மேல் சிறுமீன் வேண்டும். பிராய்லர் கோழி இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனத்தில் ஒரு கிலோ கூடுகிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நம் கடலின் நிலை

இந்துமாக்கடலில் ஜப்பானியரின் நெடுந்தூண்டில் கப்பல்கள் 1952இல் நுழைந்தன. பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில் தொங்கும் முறை அது. 1980களின் முதல் பாதியில் பிரான்சு, ஸ்பெயின் நாட்டுச் சுருக்குவலைக் கப்பல்கள் மேற்குப் பகுதிக்கு வந்தன. மிதக்கும் மரக்கட்டையின் அடியில் சூரை கூடும் என்பது நம் மீனவர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. அவர்கள் அந்தக் கட்டையைத் தாங்களே செய்து மிதக்கவிட்டு, மின்னணுக் கருவி பொருத்திச் செயற்கைக்கோள் மூலம் கண்காணிக்கிறார்கள். கட்டைக்கு அடியில் வரிச்சூரையோடு கேரையின் குஞ்சுகளும் சேர்ந்தே நிற்கும். வலை இரண்டையும் சேர்த்து அள்ளும். கேரைக் குஞ்சை முட்டையிடும் முன்பே பிடிப்பது, பால் பிடிக்கும் முன்பே நெற்பயிரை மாட்டுக்கு அறுத்துப் போடுவதற்குச் சமம்.

சூரைக்கு எல்லை தெரியாது. இன்று மாலத்தீவில் நிற்கும் கூட்டம் நாளை நம் கடலுக்கு வரும். இந்தியா 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் 200 கடல்மைல் பொருளாதார மண்டலத்தை வகுத்துக்கொண்டது. ஆனாலும் இந்த மீனைத் தனி ஒரு நாடு காப்பாற்ற முடியாது. அதற்காகத்தான் இந்துமாக்கடல் சூரை ஆணையம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. செஷல்ஸ் தீவில் அதன் அலுவலகம். இந்தியாவும் உறுப்பினர். கேரை மீன் அளவுக்கு மேல் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அந்த ஆணையத்தின் விஞ்ஞானிகள் 2015இல் எச்சரித்தார்கள். 2016இல் பிடிப்பைக் குறைக்கும் தீர்மானம் வந்தது. சுருக்குவலைக்கு இடம் கொடுக்காமல் கழித் தூண்டிலையே நம்பியிருந்த மாலத்தீவின் வரிச்சூரைக்கு, 2012இல் நல்ல முறையில் பிடித்த மீன் என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. இபின் பதூதா காலத்து மீன் இன்றும் அங்கே விற்பனைக்கு இருக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

கழித் தூண்டிலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. இரைமீன் வேண்டும், இரைமீனுக்குப் பவளப்பாறை வேண்டும். கடல் சூடேறி 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவின் பவளங்கள் வெளுத்து மடிந்தன. காயல் கெட்டால் வெளிக்கடலில் எவ்வளவு சூரை இருந்தும் கழியோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வரப்போரத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டு நிழலைத் தேடின கதை ஆகிவிடும்.

பாக் விரிகுடாப் படகுகள்

இந்த வரலாறு நமக்கு எதற்கு? காரணம் இருக்கிறது. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் இழுவலைப் படகுகள் பெருகி, கடலடி சுரண்டப்பட்டு, எல்லைத் தகராறிலும் நம் மீனவர்கள் சிக்கித் தவிக்கிறார்கள். இதற்கு மாற்றாக 2017ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. இழுவலைப் படகை ஒப்படைத்துவிட்டு, சூரை பிடிக்கும் ஆழ்கடல் நெடுந்தூண்டில் படகு வாங்கலாம். தொடக்கத்தில் படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அதில் 70 சதவீதம் மத்திய மாநில அரசுகளின் மானியம், 20 சதவீதம் வங்கிக்கடன், 10 சதவீதம் மீனவர் பங்கு. மூன்று ஆண்டில் 2,000 படகுகள் என்பது இலக்கு. அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட அது போய்ச் சேரவில்லை.

ஏன்? மாலையில் போய்க் காலையில் திரும்பும் தொழில் செய்தவரை, வாரக்கணக்கில் நடுக்கடலில் இருக்கச் சொன்னால் சும்மா நடக்குமா? நெல் விவசாயியைத் திடீரென்று தேயிலை போடச் சொன்னது போலத்தான். படகு மட்டும் கொடுத்தால் போதாது. மீனின் சுபாவத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதைக் காப்பாற்றிக் கரை சேர்க்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் தூண்டிலோடு ஆழ்கடலில் கைதேர்ந்தவர்கள். அவர்களிடமிருந்து ராமநாதபுரத்து இளைஞர்கள் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்வது, எந்த மானியத்தையும்விடப் பெரிய உதவி என்பது என் கருத்து.

கவனிக்க வேண்டியவை

முன்பு சொன்ன சூடான உடம்பு இப்போது ஞாபகம் வரட்டும். தூண்டிலில் போராடிய சூரையின் தசை கடல்நீரைவிடச் சூடாக இருக்கும். அப்படியே தளத்தில் போட்டுவைத்தால் உள்ளுக்குள்ளேயே கறி வெந்தது போலாகி நிறம் மங்கும். அதனால் மீன் படகுக்கு வந்ததும் அதன் தலையில் முள்ளால் குத்தி உடனே கொன்று, செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, கடல்நீரும் பனிக்கட்டியும் கலந்த தொட்டியில் இடுங்கள். குளிர்ந்த பிறகு, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்ற கணக்கில் அடுக்குங்கள். ஒரே கடலில் பிடித்த ஒரே மீன், பனிக்கட்டி பார்த்தால் ஏற்றுமதி விலை, பார்க்காவிட்டால் கருவாட்டு விலை.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வெயிலில் கிடந்த சூரையில் கிருமிகள் ஒரு நச்சை உண்டாக்கும். அதை உண்டால் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, வாந்தி வரும். இந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, பல நேரம் நாற்றத்திலும் தெரியாது. எனவே பனிக்கட்டியில் வைத்து விற்கும் மீனையே வாங்குங்கள். கடித்ததும் நாக்கில் மிளகு போலச் சுருக்கென்றால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

உலகம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் சூரை பிடிக்கிறது. அதில் பாதிக்கு மேல் வரிச்சூரை. சீக்கிரம் வளர்ந்து பெருகுகிற இனம் என்பதால்தான் அது இன்னும் தாங்குகிறது. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால் அன்றைக்கு வயிறு நிறையும். அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? நெல்லில் இந்தப் பாடத்தை நம் முன்னோர் ஒவ்வொரு வீட்டுக் குதிரிலும் எழுதி வைத்தார்கள். கடலில் அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம்தான். ராமேசுவரத்துப் பையன் நாளை கேரைக்காக ஆழ்கடல் போகும்போது அங்கே கேரை இருக்க வேண்டும் என்றால், அதற்கான கட்டுப்பாட்டை இன்றைக்கே நாமும் ஏற்க வேண்டும், வெளிநாட்டுக் கப்பல்களையும் ஏற்கச் செய்ய வேண்டும்.